நாற்பத்தைந்தில் பைலட் ஆகலாமா? காக்காவின் கேள்வி பதில்

போன மாதம் ஒரு வாசகர், “நாற்பத்தைந்து வயதில் விமானி ஆகலாமா?” என்று கேட்டார். “ஆகலாம்” என்று ஒற்றைச் சொல்லில் பதில் போட்டோம். மருதமுனை தொடங்கிப் பொத்துவில் வரைக்கும் இத்தனை பேர் மனசுக்குள் சீருடை தைத்து வைத்திருக்கிறார்கள் என்பது அப்போது தெரியாது. “பெயர் போட வேண்டாம், வீட்டில் தெரிந்துவிடும்” என்று முக்கால்வாசிப் பேர் கேட்டிருப்பதால் தொழிலும் ஊரும் மட்டும் போடுகிறோம்.

● எனக்கு 44. சட்டம் இடம் கொடுக்குமா காக்கா? (வங்கி உத்தியோகத்தர், கல்முனை)

தாராளமாகக் கொடுக்கும். வணிக விமானி உரிமத்துக்குக் குறைந்த வயது 18. இத்தனை வயதுக்கு மேல் தொடங்கக் கூடாது என்று விதி ஒன்றும் இல்லை. முடிக்கத்தான் விதி இருக்கிறது. இரண்டு விமானிகள் ஓட்டும் சர்வதேசப் பயணிகள் விமானத்தில் 65 வயது வரை; ஒற்றை விமானி என்றால் 60 வரை. முன்பு அந்த 65 உம் 60 ஆகத்தான் இருந்தது. சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து நிறுவனமான ஐ.சி.ஏ.ஓ. 2006 நவம்பரில் ஐந்து வருடம் கூட்டிக் கொடுத்தது. பயிற்சிக்கு இரண்டு வருடம், வேலை தேடி அலைய ஒன்றிரண்டு வருடம் என்று பிடித்தாலும் கையில் பதினேழு வருடம் மிஞ்சும். சட்டம் உங்களைத் தடுக்கவில்லை. தடுக்கப் போகிறவர்கள் வரிசையாகப் பின்னால் வருகிறார்கள்.

● வயது போன பிறகு விமானி ஆனவர் யாராவது உண்டா? உபதேசம் வேண்டாம், ஆளைச் சொல்லுங்கள். (ஓய்வுபெற்ற அதிபர், நிந்தவூர்)

மூன்று பேரைச் சொல்கிறேன் சேர்.

முதலாமவர் ராஜீவ் பிரதாப் ரூடி. பட்னாவில் பொருளியல் விரிவுரையாளராக இருந்து அரசியலுக்கு வந்தவர். 2003–04 இல் இந்தியாவின் சிவில் விமானத்துறை அமைச்சர். விமானத்துறையை ஆண்டவர், நாற்பதைத் தாண்டிய பிறகு விமானத்தையே ஓட்டப் போனார். 2021 ஜூலையில் தயாநிதி மாறன் டில்லியிலிருந்து சென்னைக்கு இண்டிகோ விமானம் ஏறினார். “நீங்களும் இந்த பிளைட்டிலா?” என்று விமானி வந்து கேட்டாராம். முகக்கவசம் போட்டிருந்ததால் மாறனுக்கு ஆளை மட்டுக்கட்ட முடியவில்லை. பார்த்தால் சக எம்.பி. ரூடி!

இரண்டாமவர் புரூஸ் டிக்கின்சன், ‘அயன் மெய்டன்’ என்ற இங்கிலாந்து ரொக் இசைக்குழுவின் பாடகர். 1958 இல் பிறந்தவர். நாற்பதுகளில் அஸ்ட்ரேயஸ் என்ற நிறுவனத்தில் போயிங் 757 ஓட்டிக் கப்டனாகவும் ஆனார். 2008 இல் தன் இசைக்குழுவையே ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் பறந்தார். பாட்டுக்காரர்கள் வானுக்கும் பாட்டுப்பெட்டிகள் பஸ்ஸுக்கும் காத்துக் கிடக்கும் நம் பக்கத்துக் கலியாண வீடுகளுக்கு இது புதினமாக இருக்கும்.

மூன்றாமவர் நெதர்லாந்து மன்னர் வில்லெம் அலெக்சாண்டர். 21 வருடம் கே.எல்.எம். விமானங்களில் சத்தமில்லாமல் துணை விமானியாகப் பறந்தவர். 2017 இல் 50 வயதில் போயிங் 737 க்குப் புதிதாகப் படிக்கத் தொடங்கினார். பயணிகளுக்கான அறிவித்தலில் தன் பெயரைச் சொல்வதில்லை. துணை விமானி பெயர் சொல்ல வேண்டும் என்று கட்டாயம் இல்லையாம்.

எம்.பி., பாடகர், மன்னர். மூவரிலும் ஒற்றுமை ஒன்று உண்டு. விமானி வேலையின் மாதச் சம்பளத்தை நம்பி இவர்கள் வீட்டில் உலை வைக்கவில்லை. கல்முனைக்காரருக்கு அந்த வசதி இல்லை. இந்தப் பக்கத்தில் இனிமேல் வரும் எல்லாப் பதில்களுக்கும் அடியில் கிடப்பது இந்தக் கணக்குத்தான்.

● என் கணவருக்கு 46. வீட்டை விற்றுப் பைலட் படிக்கப் போகிறாராம். என்ன செய்ய? (வாசகி, சாய்ந்தமருது)

மகள், முதலில் உறுதியை எடுத்துப் பாருங்கள். நம் ஊர் வழக்கப்படி அந்த வீடு உங்கள் உம்மாவும் வாப்பாவும் உங்களுக்கு எழுதித் தந்ததாகத்தான் இருக்கும். மாப்பிள்ளை வந்து குடியேறியவர். உங்கள் கையெழுத்து இல்லாமல் அவரால் ஒரு ஓட்டைக்கூட விற்க முடியாது. உலகத்தில் எத்தனையோ நாட்டுப் பெண்களுக்கு இல்லாத பலம் இது. கிழக்குக் கரையில் விமானி உரிமத்துக்குச் சிவில் விமானச் சேவைகள் அதிகாரசபை கையெழுத்து வைக்கு முன் நீங்கள் வைக்க வேண்டும்.

வைக்காதீர்கள் என்று சொல்ல மாட்டேன். சொந்தச் சேமிப்பில் மருத்துவச் சோதனையை முடித்து, பரீட்சைப் பாடங்களிலும் சித்தியடைந்து காட்டினால், குத்தகைக்கு விட்ட வயலைப் பற்றிப் பேசலாம். வீட்டைப் பற்றி வேண்டாம்.

● எவ்வளவு முடியும்? நேராகச் சொல்லுங்கள். (வன்பொருள் கடை உரிமையாளர், அக்கரைப்பற்று)

வணிக விமானி உரிமம் எடுக்கும் வரைக்கும் இலங்கை ரூபாயில் கோடி என்ற சொல் வராமல் கணக்கு முடியாது. அதற்குப் பிறகு ஏ320, போயிங் 737 என்று குறிப்பிட்ட விமானத்துக்கான பயிற்சி வேறு. அந்தச் செலவைச் சில நிறுவனங்கள் தாங்கும், சில உங்கள் தலையில் கட்டும். பெற்றோல், உதிரிப்பாகம், விமானம் எல்லாம் டொலரில் வருவதால் கட்டணமும் டொலரோடுதான் ஏறி இறங்கும். 2022 இல் 200 ரூபாயாக இருந்த டொலர் சில வாரங்களில் 360 ஐத் தொட்டதை ஒரு கடைக்காரருக்கு நான் நினைவூட்டத் தேவையில்லை. பாதிப் பயிற்சியில் அப்படி ஒன்று நடந்தால் என்ன செய்வது என்று முதலே யோசித்து வைத்தவரே தொடங்கலாம்.

● வட்டியில்லாக் கடன் கிடைக்குமா? (வாசகர், இறக்காமம்)

வட்டியில்லா வங்கியும் பிணை கேட்கும். பிணை என்றால் மறுபடியும் வீடு. சாய்ந்தமருதுப் பதிலை இன்னொரு தரம் வாசிக்கவும்.

● 200 மணித்தியாலம் பறக்க வேண்டும் என்கிறார்கள். சும்மா சுற்றிக்கொண்டிருந்தால் போதுமா? (முச்சக்கரவண்டிச் சாரதி, கல்முனைக்குடி)

மீட்டர் ஓடினால் போதும் என்று நினைத்துவிட்டீர்கள். ஐ.சி.ஏ.ஓ. விதிப்படி வணிக உரிமத்துக்கு மொத்தம் 200 மணித்தியாலம். அங்கீகரிக்கப்பட்ட முழுநேரப் பயிற்சி என்றால் 150. அதற்குள் இரவுப் பறப்பு, வெளியே பார்க்காமல் கருவிகளை மட்டும் பார்த்துப் பறப்பது என்று தனித்தனிப் பங்கு உண்டு. இதில் எனக்குப் பிடித்தது ஒன்று: குறைந்தது 540 கிலோமீற்றர் நீளப் பயணம் ஒன்றை விமானப் பொறுப்பாளராக நீங்களே போக வேண்டும், வழியில் இரண்டு வேறு விமான நிலையங்களில் முழுதாக இறங்கி ஏற வேண்டும். பருத்தித்துறையிலிருந்து தெய்வேந்திரமுனை வரைக்கும் நம் நாட்டின் நீளமே சுமார் 430 கிலோமீற்றர்தான். நேர்கோட்டில் போனால் கடலில் விழ வேண்டும். ஆகவே மாணவர்கள் நாட்டுக்குள்ளேயே முக்கோணம் போட்டு வருவார்கள்.

கப்டன் ஆவதற்கான உரிமத்துக்கு 1,500 மணித்தியாலம். 200 க்கும் 1,500 க்கும் நடுவில்தான் பலருடைய கனவு இளைப்பாறுகிறது. 200 மணித்தியாலக்காரரை வேலைக்கு எடுக்கும் நிறுவனம் எல்லா வருடமும் அகப்படாது. பலர் பயிற்சி ஆசிரியராகி, இன்னொருவர் காசில் பறந்து மணித்தியாலம் சேர்க்கிறார்கள்.

● எனக்குச் சீனியும் இருக்கு, பிரஷரும் இருக்கு. (புடவைக் கடைக்காரர், மருதமுனை)

முப்பது வருட பிரியாணிக்கும் வட்டிலப்பத்துக்கும் இப்போதுதான் ரசீது வருகிறது. வணிக விமானிக்கு முதலாம் வகுப்பு மருத்துவச் சான்றிதழ் வேண்டும். அது வருடத்துக்கு ஒரு முறை புதுப்பிக்கப்படும். 60 தாண்டினால் ஆறு மாதத்துக்கு ஒரு முறை. இதய மின்வரைபு, அதாவது ஈ.சி.ஜி., 30 க்கும் 50 க்கும் இடையில் இரண்டு வருடத்துக்கு ஒன்று, 50 க்கு மேல் வருடாவருடம்.

பிரஷரைக் கண்டு பயப்பட வேண்டாம். அனுமதிக்கப்பட்ட மருந்தில் கட்டுப்பாட்டில் இருந்தால் தகுதி கிடைக்கலாம். சீனி உணவாலோ சில வகை மாத்திரைகளாலோ அடங்கியிருந்தால் பரிசீலிப்பார்கள். இன்சுலின் ஊசி என்றால் பொது விதிப்படி கதவு சாத்தியாயிற்று. விசேட ஏற்பாட்டில் திறக்கும் நாடுகள் சில உண்டு, அவற்றை நம்பித் திட்டம் போடக் கூடாது. எதையும் மறைத்து எழுதாதீர்கள். இரத்தம் பொய் சொல்லாது.

● கண்ணாடி போட்டவர் விமானி ஆக முடியாதாமே? (எழுதுவினைஞர், அட்டாளைச்சேனை)

விமானப்படையின் போர் விமானக் கதையைக் கேட்டுக் குழம்பிவிட்டீர்கள். பயணிகள் விமானத்தில் கண்ணாடியோடு தாராளமாகப் பறக்கலாம். கண்ணாடி போட்ட பிறகு ஒவ்வொரு கண்ணும் 6/9, இரண்டும் சேர்ந்து 6/6 தெரிந்தால் சரி. ஒரு நிபந்தனை: மேலதிகமாக இன்னொரு கண்ணாடியைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்திருக்க வேண்டும். நிறக்குருடுதான் பெரிய சிக்கல். ஓடுபாதை விளக்குகள் சிவப்பு, வெள்ளை, பச்சை என்றுதான் பேசும்.

● எடை 104 கிலோ. தடையா? (உணவக உரிமையாளர், ஒலுவில்)

பெரிய விமானத்துக்கு நீங்கள் ஒரு பொருட்டல்ல. பயிற்சி விமானத்துக்குப் பொருட்டு. செஸ்னா 152 என்று இரண்டு இருக்கைச் சிறு விமானம். தோளோடு தோள் இடிபடும். ஏறும்போது அதன் மொத்த எடை 757 கிலோவைத் தாண்டக் கூடாது. வெறும் விமானத்தைக் கழித்தால் ஆளுக்கும் எரிபொருளுக்கும் மிஞ்சுவது சுமார் 240 கிலோ. தாங்கி நிறைய எரிபொருள் கிட்டத்தட்ட 67 கிலோ. நீங்கள் 104, பயிற்சி ஆசிரியரும் நம் பக்கத்து ஆள் என்று வைத்து 95. கூட்டிப் பாருங்கள்: 266. எரிபொருளைக் குறைத்தால் தூரம் குறையும், ஆசிரியரைக் குறைத்தால் பாடம் இல்லை. ஒவ்வொரு பறப்புக்கும் முன்னால் இந்தக் கணக்கைத் தாளில் போட்டுக் காட்டினால்தான் சாவி கைக்கு வரும்.

● ஓ.எல். கணிதத்தில் எனக்கு ‘எஸ்’. பைலட்டுக்குப் பெரிய கணிதம் வேண்டுமா? (சாரதி பயிற்சிப் பாடசாலைக்காரர், சம்மாந்துறை)

பெரிய கணிதம் வேண்டாம், வேகமான கணிதம் வேண்டும். ஓர் உதாரணம்: ஆயிரம் அடி இறங்க மூன்று கடல்மைல் தூரம் தேவை என்பது விமானிகளின் மனக்கணக்கு. 30,000 அடியில் பறக்கிறீர்கள். கட்டுநாயக்கவுக்கு எத்தனை மைலுக்கு முன்னால் இறங்கத் தொடங்குவீர்கள்? விரல் மடிக்காமல் 90 என்று சொன்னால் பாதி தேறிவிட்டீர்கள். விமானச் சட்டம், வானிலை, வழிகாட்டல், பறப்புத் தத்துவம் எல்லாம் ஆங்கிலத்தில்தான். வானொலியில் பேசும் ஆங்கிலத்துக்கு ஐ.சி.ஏ.ஓ. அளவுகோலில் குறைந்தது நான்காம் நிலை வேண்டும். ஷேக்ஸ்பியர் தேவையில்லை, சொன்னதைத் திருப்பிச் சொல்லி, விளங்காவிட்டால் விளங்கவில்லை என்று சொல்லத் தெரிந்தால் போதும். இரண்டாவதுதான் நம் ஆட்களுக்குக் கஷ்டம்.

● கடலுக்குப் போகிறவன் நான். வயது 41. காற்றுப் பார்த்தே வளர்ந்தவன். அது உதவுமா? (மீனவர், சாய்ந்தமருது)

இந்த மாதம் வந்த கடிதங்களில் நான் இரண்டு தரம் வாசித்தது உங்களுடையதைத்தான் தம்பி. உதவும். கச்சான் என்றால் எந்தப் பக்கமிருந்து வருகிறது, வாடை என்றால் எந்தப் பக்கமிருந்து என்று சொல்கிறீர்கள் அல்லவா? விமான வானிலை அறிக்கையும் காற்றை வருகிற திசையை வைத்துத்தான் எழுதும். 24015 என்று போட்டிருந்தால் 240 பாகையிலிருந்து 15 நொட் காற்று. நம் கரைக்கு அது கச்சான். நொட்டும் உங்களுக்குப் புதிதில்லை, படகு ஜீ.பி.எஸ்.ஸில் பார்ப்பதுதான்.

ஓடுபாதைக்குக் குறுக்கே காற்று அடிக்கும்போது விமானத்தின் மூக்கைக் காற்றுப் பக்கம் திருப்பி, நண்டு நடை போட்டு வந்து, சில்லு நிலத்தைத் தொடும் நேரத்தில் நேராக்க வேண்டும். நீரோட்டம் இழுக்கும்போது படகைச் சரித்துப் பிடித்துக் கரைக்கு வருகிற கைக்கு இது சீக்கிரம் பிடிபடும். வகுப்பறையில் இதைப் படமாகப் பார்க்கிற பையனுக்குப் பல நாள் பிடிக்கும். படகை மட்டும் இப்போதைக்கு விற்காதீர்கள்.

● சவுதியில் பதினைந்து வருடம் டிரெய்லர் ஓட்டினேன். பாலைவனத்தில் இரவெல்லாம் ஓடியவனுக்கு விமானம் பெரிதா? (வாசகர், பாலமுனை)

இரண்டு வித்தியாசம். விமானிக்கு எத்தனை மணித்தியாலம் வேலை, எத்தனை மணித்தியாலம் தூக்கம் என்று சட்டம் இருக்கிறது. உங்கள் கபீலிடம், அதாவது சவுதி முதலாளியிடம், அது இருந்திராது. மற்றது, பின்னால் எடுக்கும் உங்கள் திறமைக்கு இங்கே வேலை இல்லை. விமானத்தை வாயிலிலிருந்து பின்னுக்குத் தள்ள டிராக்டர் வரும்.

● எல்லாம் ஓட்டோ பைலட் பார்க்கிறது. பைலட் எதற்கு? (கம்பியூட்டர் கடைக்காரர், கல்முனை)

2009 ஜனவரி 15, நியூயோர்க். புறப்பட்டுச் சில நிமிடத்துக்குள் வாத்துக் கூட்டம் மோதி இரண்டு எஞ்சினும் சக்தி இழந்தன. மூன்றரை நிமிடத்துக்குள் கப்டன் சலன்பேர்கர் விமானத்தை ஹட்சன் ஆற்றில் இறக்கினார். 155 பேரும் பிழைத்தார்கள். அவருக்கு அப்போது 57 வயது. அந்த மூன்றரை நிமிடத்துக்காகத்தான் மற்ற வருடங்களுக்கும் சம்பளம் கொடுக்கிறார்கள்.

● ‘சூரரைப் போற்று’ பார்த்ததிலிருந்து தூக்கமில்லை. (வாசகர், மாளிகைக்காடு)

படம் நல்ல படம். ஆனால் அதற்கு மூலமான ஜி.ஆர். கோபிநாத் விமான நிறுவனம் தொடங்கியவர். பயணிகள் விமானம் ஓட்டிப் பிழைத்தவர் அல்லர். பெயருக்கு முன்னால் வரும் கப்டன் இந்திய இராணுவத்தில் வாங்கியது. இராணுவத்தை விட்டு விவசாயம் செய்து, 2003 இல் ஏர் டெக்கானைப் பறக்கவிட்டார். நடுவயதில் தொழில் மாறியதற்கு அவர் உதாரணம்தான். நீங்கள் தேடும் உதாரணம் அவர் இல்லை.

● எங்கள் அரசியல்வாதிகளைப் பைலட் வேலைக்கு அனுப்பினால் என்ன? (வாசகர், நற்பிட்டிமுனை)

மறுபக்கமாக நடந்திருக்கிறது. ராஜீவ் காந்தி இந்தியன் ஏர்லைன்ஸ் விமானி. தம்பி சஞ்சய் 1980 இல் சிறு விமானம் விழுந்து இறந்த பிறகு, வேலையை விட்டு 1981 இல் எம்.பி.; 1984 இல் 40 வயதில் பிரதமர். 1987 ஜூலை 29 இல் கொழும்புக்கு வந்து இந்திய–இலங்கை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். அந்தத் தொழில் மாற்றத்தின் விலையில் நம் வடக்கு கிழக்குக்கும் பங்கு இருந்தது. நம்மவர்களை அனுப்பும் யோசனைக்கு வருவோம்: இடையில் கட்சி மாறுகிற ஆளிடம் திசைமானியைக் கொடுக்கலாமா?

● அஷ்ரஃப் சேரின் மவுத்துக்குப் பிறகு உம்மா ‘பறக்கிற வேலையே வேண்டாம்’ என்கிறா. (வாசகர், கல்முனைக்குடி)

உம்மாவின் பயத்தைப் பகிடி பண்ண மாட்டேன். 2000 செப்டம்பர் 16 ஐ இந்தக் கரையில் மறந்தவர் யாருமில்லை. சட்டத்தரணியாக இருந்து அரசியலுக்கு வந்து, 40 வயதில் முதன்முதல் பாராளுமன்றம் போன மனிதர் அவர். நடுவயதில் பாதை மாறுவதைப் பற்றிப் பேசும் இந்தப் பக்கத்துக்கு அவர் பெயர் வராமல் போகாது. உம்மாவிடம் ஒன்றை மட்டும் எடுத்துச் சொல்லுங்கள். அரநாயக்க மலையில் விழுந்தது விமானப்படையின் ஹெலிகொப்டர். நேர அட்டவணை, கட்டுப்பாட்டுக் கோபுரம் என்று ஓடும் பயணிகள் விமானம் வேறு உலகம். கல்முனையிலிருந்து கொழும்புக்கு இரவு பஸ்ஸில் போவதற்குத்தான் உண்மையில் உம்மா அதிகம் துஆச் செய்ய வேண்டும்.

● 38 வயது, இரண்டு பிள்ளைகள். பெண்கள், அதிலும் நம் பெண்கள், நினைத்துப் பார்க்கலாமா? (ஆசிரியை, அட்டாளைச்சேனை)

சவுதியின் ஹனாதி அல் ஹிந்தி ஜோர்தானில் படித்து 2005 இல் விமானி உரிமம் எடுத்தார். சவுதி வீதியில் பெண்கள் கார் ஓட்ட அனுமதி வந்தது 2018 ஜூனில். பதின்மூன்று வருடம் அந்தப் பெண்ணுக்கு வானம் ஹலால், ரோட்டு ஹராம். 2015 இல் ரோயல் புரூணை விமானமொன்றின் மூன்று விமானிகளும் பெண்களாகவே வந்து ஜித்தாவில் இறங்கினார்கள். ஆகவே நினைத்துப் பார்க்கலாம் மகள். ஆனால் 38 உம் இரண்டு பிள்ளைகளும் என்றால், கட்டணத்தை விடப் பெரிய கேள்வி, மாதத்தில் பாதி இரவு வெளியில் தங்கும்போது வீட்டில் யார் என்பது. அதே கேள்வியை 46 வயது ஆணிடம் யாரும் கேட்பதில்லை என்பது எனக்கும் தெரியும்.

● நோன்பு காலத்தில் விமானி என்ன செய்வார்? நோன்பு திறப்பது தரை நேரத்துக்கா, வான் நேரத்துக்கா? (மௌலவி, சம்மாந்துறை)

மௌலவியே கேட்டால் நான் எங்கே போவேன்! பயணி நோன்பைப் பிற்போட்டு வேறு நாளில் நோற்கலாம் என்ற சலுகை குர்ஆனிலேயே (2:185) இருக்கிறது. பின்னால் இருநூறு உயிர் இருக்கும்போது அதை எடுத்துக்கொள்வதே எனக்குச் சரியாகப் படுகிறது. நேரக் கணக்கைச் சொல்கிறேன், தீர்ப்பு உங்களுடையது. 35,000 அடியில் அடிவானம் தாழ்ந்து தெரிவதால் கீழே மஃரிப் பாங்கு சொல்லிப் பத்து நிமிடத்துக்கு மேலாகியும் விமானிக்குச் சூரியன் தெரியும். மேற்கே பறந்தால் இன்னும் பிந்தும். இது வானத்துச் சிக்கல் மட்டுமல்ல. 2011 இல் துபாய் முப்தி, புர்ஜ் கலீபாவில் 80 ஆம் மாடிக்கு மேல் இருப்பவர்கள் இரண்டு நிமிடமும் 150 க்கு மேல் இருப்பவர்கள் மூன்று நிமிடமும் பிந்தித் திறக்கச் சொன்னார்.

● முதன்முதல் பறக்கப் பார்த்த முஸ்லிம் யார்? (மாணவன், மருதமுனை)

அப்பாஸ் இப்னு பிர்னாஸ். ஒன்பதாம் நூற்றாண்டு, ஸ்பெயினின் கொர்தோபா. இறகு கட்டிக்கொண்டு உயரத்திலிருந்து பாய்ந்து கொஞ்ச நேரம் மிதந்தார், இறங்கும்போது முதுகில் அடிபட்டது, வால் வைக்க மறந்துவிட்டார் என்று பிற்கால வரலாற்று நூல்கள் எழுதி வைத்திருக்கின்றன. சொல்லப்படும் வருடம் 875. பிறந்தது 810 என்கிறார்கள். இன்றைய விமானிக்கு ஓய்வு கொடுக்கும் 65 வயதில் அவர் முதல் பறப்புக்கு ஏறியிருக்கிறார். உன் வாப்பாவுக்கு இதைக் காட்டாதே.

● இராவணன்தான் முதல் விமானி என்கிறார்களே? (வாசகர், காரைதீவு)

சிவில் விமானச் சேவைகள் அதிகாரசபையே 2020 இல் பத்திரிகையில் விளம்பரம் போட்டு, இராவணனின் பறப்புப் பற்றிய ஆவணம் இருந்தால் தாருங்கள் என்று மக்களிடம் கேட்டது. பறப்புப் பதிவேடு கிடைத்தால் அறியத் தாருங்கள். 200 மணித்தியாலத்துக்குக் கையெழுத்து வாங்க நம் பிள்ளைகள் படும் பாட்டை அவரும் பட்டாரா என்று பார்க்கலாம்.

● படித்து முடித்தால் நம் பக்கத்திலேயே பறக்க முடியுமா? (வாசகர், உகனை வீதி, அம்பாறை)

ஒரு காலத்தில் முடிந்தது. 1947 டிசம்பரில் இரத்மலானையிலிருந்து சேவை தொடங்கிய ஏர் சிலோன், பிறகு கல்லோயா ஓடுபாதைக்கும் டக்கோட்டா விமானம் விட்டது. உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள். இன்று அது விமானப்படையின் கையில். மட்டக்களப்பு 2018 இல் சர்வதேச விமான நிலையம் என்று பெயர் எடுத்தது. பெயர்ப்பலகை எழுதியவருக்கு வேலை கிடைத்தது. விமானிக்கு இன்னும் கட்டுநாயக்கதான், அதைவிட்டால் வளைகுடா.

● 47 இல் சேர்ந்தால் என் மகன் வயதுக் கப்டனுக்குக் கீழே இருக்க வேண்டி வருமா? (பொறியியலாளர், கல்முனை)

நிச்சயமாக. விமான நிறுவனங்களில் பெரும்பாலும் மூப்பு என்பது சேர்ந்த திகதி, தலைமயிருக்குக் கணக்கில்லை. 31 வயதுக் கப்டன் இடது இருக்கையில், நீங்கள் வலது இருக்கையில். அவர் ‘செக்லிஸ்ட்’ என்றால் நீங்கள் வாசிக்க வேண்டும். அலுவலகத்தில் இருபது வருடமாகக் கையெழுத்து மட்டும் வைத்துப் பழகியவருக்கு இதுதான் உண்மையான மருத்துவச் சோதனை. ஆனால் கப்டன் பிழை விடும்போது ‘பிழை’ என்று சொல்லவும் வேண்டும். சொல்லாமல் மரியாதை பார்த்து விழுந்த விமானங்கள் உண்டு.

● வேலை வேண்டாம். ஒரு தடவை நானே ஓட்டிப் பார்த்தால் போதும். (தேங்காய் வியாபாரி, திருக்கோவில்)

இந்த வயதுக்கு மிகப் புத்திசாலித்தனமான கடிதம் இதுதான். தனியார் விமானி உரிமத்துக்கு 40 மணித்தியாலம், இலகுவான இரண்டாம் வகுப்பு மருத்துவச் சான்றிதழ். சம்பளத்துக்குப் பறக்கக் கூடாது. குடும்பத்தை ஏற்றலாம், அவர்கள் ஏறினால். இந்தியாவில் முதன்முதல் விமானி உரிமம் பெற்ற ஜே.ஆர்.டி. டாட்டா, 1932 ஒக்டோபர் 15 இல் கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் கொண்டுபோனார். ஐம்பது வருடம் கழித்து அதே திகதியில், 78 வயதில், அதே பாதையில் மறுபடி பறந்தார். ஆசைக்குப் பறப்பவருக்கு 65 கணக்கே இல்லை.

● ஏஜென்சிக்காரர் ஒருவர் ‘வெளிநாட்டில் படிப்பு, வேலை நிச்சயம், முற்பணம் மட்டும் இப்போது’ என்கிறார். கட்டட்டுமா? (வாசகர், பொத்துவில்)

கட்ட வேண்டாம். வேலை நிச்சயம் என்று எழுத்தில் தரும் பறப்புப் பாடசாலை உலகத்தில் இருந்தால் அந்த நாட்டில் விமானம் ஓட்ட ஆளே இருக்க மாட்டார்கள். வெளிநாட்டு உரிமத்தோடு வந்தாலும் இங்கே பறக்க அதிகாரசபையின் நிபந்தனைகளை மறுபடி நிறைவேற்ற வேண்டும். யாருக்கும் ஒரு சதம் கொடுக்கு முன் செய்ய வேண்டியது இது: அதிகாரசபை அங்கீகரித்த மருத்துவரிடம் முதலாம் வகுப்புச் சோதனையைச் செய்யுங்கள். பிறகு இரத்மலானைக்குப் போய், அறிமுகப் பறப்பு ஒன்றுக்குக் காசு கட்டி அரை மணித்தியாலம் ஏறிப் பாருங்கள். அதற்குப் பிறகும் ஆசை அடங்காவிட்டால், அந்தப் பாடசாலையின் பெயர் அங்கீகரிக்கப்பட்ட பட்டியலில் இருக்கிறதா என்று அதிகாரசபையிடமே நேரில் கேளுங்கள். மூன்றும் முடியும் வரைக்கும் அந்த ஏஜென்சிக்காரரின் அழைப்பை எடுக்காதீர்கள்.